காத்து முதல்ல போவட்டும்

எங்கள் பக்கத்தில் அவரை ‘ஸ்டாப்பிங்’ என்றுதான் சொல்வார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த நீளமான பெயர் ஒன்று அவருக்கு உண்டு. பழவேற்காடு கடைத்தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஸ்டாப்பிங் எங்கே என்று கேட்டால் உடனே பதில் வரும். "எங்கனா நிறுத்திகினு பன்னு துன்னுகினு இருப்பாரு. ரோட்டோரமா பாத்துகினே போங்க."

நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை அம்மா என்பார். எங்களிடம் நாலு சீசன் வண்டி ஓட்டினார். ஓட்டினார் என்பதை ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். மற்ற டிரைவர்களைப் பற்றிப் பேசும்போது யார் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார் என்று பேசுவோம். இவரைப் பற்றிப் பேசினால் எங்கெங்கே நின்றார் என்றுதான் பேச முடியும்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு யோசனை வரும். நண்டு வளர்க்கும் யோசனை வந்த வருஷம், நண்டுகள் ஒரு மழையில் ஏரிக்கே திரும்பிப் போய்விட்டன. அடுத்த வருஷ யோசனை கேரவன். ஏதோ ஒரு வெளிநாட்டுக் குடும்பம் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்த பெட்டியைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவதைச் செல்போனில் பார்த்துவிட்டார். பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே தங்க நல்ல இடமில்லை, நாமே ஒரு பெட்டி கட்டி ஏரிக்கரையில் நிறுத்தினால் என்ன என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது செங்குன்றத்தில் ஒரு பட்டறையில் அதற்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வந்த பெட்டி லட்சணமாகத்தான் இருந்தது. இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, ஆளுயரக் கண்ணாடி, ஒரு குளியலறை. குளியலறையில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம், முதுகு தேய்க்கக் கையைத் தூக்கினால் மட்டும் முழங்கை இடிக்கும். பெட்டிக்கு எஞ்சின் கிடையாது. இரண்டே சக்கரம், அதுவும் நடுவில். முன்னால் மாட்டு வண்டிக்கு இருப்பதுபோல இரும்பில் ஒரு ஏர்க்கால். அதை எங்கள் ஜீப்பின் பின்னால் இருக்கும் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். ஊரார் அதற்குப் ‘பொட்டி வூடு’ என்று பெயர் வைத்தார்கள்.

பட்டறைக்காரர்கள் எங்களுக்குச் சொல்லாத விஷயம் காற்று. எங்கள் ஊர் ரோடுகளில் பாதி, இரண்டு பக்கமும் தண்ணீர் கிடக்கும் கரை ரோடு. மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. தை மாதத்தில் வாடைக்காற்று, கோடையில் கச்சான் காற்று, இரண்டும் ஓய்ந்த நாளில் எதிரே வருகிற லாரி தள்ளிவிட்டுப் போகும் காற்று. பெட்டியின் பக்கவாட்டுப் பகுதி ஒரு முழுச் சுவர். சுவருக்குக் கீழே சக்கரம் வைத்தது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தானே ஓட்டிக்கொண்டு போனவர் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "டிரைவர் ஒருத்தரு வெக்கணும்" என்றார். ஜீப் ஒரு திசையிலும் பெட்டி ஒரு திசையிலும் போகப் பார்த்த கதையை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்து தெரிந்துகொண்டேன்.

அப்படித்தான் அண்ணன் வந்தார். லைட்ஹவுஸ் குப்பத்தில் டிராக்டரைக் கட்டி ஃபைபர் படகுகளை மணலில் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தவர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். காக்கிச் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். பெட்டியை மூன்று தரம் சுற்றி வந்தார். மாட்டைத் தட்டுவதுபோல அதன் விலாவில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நல்லாத்தான் கீது. உங்ககிட்ட பழைய பொடவ கீதாம்மா? கர மட்டும் கிழிச்சிக் குடுங்க" என்றார்.

எதற்கென்று தெரியாமலே ஒரு பழைய சுங்குடிப் புடவையின் சிவப்புக் கரையை முழ நீளத்துக்குக் கிழித்துக் கொடுத்தேன். அதை ஜீப்பின் பக்கவாட்டுக் கண்ணாடிக் கம்பியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார். படகுக்காரர்கள் கொடியைப் பார்ப்பது போல அவர் அந்தத் துண்டைத்தான் பார்த்து ஓட்டினார். துண்டு தொங்கினால் போவார். படபடத்தால் மெதுவாகப் போவார். குச்சி மாதிரி விறைத்து நின்றால், அவ்வளவுதான், ஓரம் கட்டிவிடுவார்.

"இன்னாண்ணா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவலம்மா. காத்து முதல்ல போவட்டும். நாம அப்பால போலாம்."

பெரிய மனிதர் யாரோ பின்னால் வருகிறார், வழி விட வேண்டும் என்கிற மாதிரிதான் அதைச் சொல்வார். குரலில் பயமும் இருக்காது, சங்கடமும் இருக்காது. இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைப்பார். கொக்கியை ஆட்டிப் பார்ப்பார். சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்ப்பார். பிறகு ஜீப்பின் மறைவில் குந்தி, பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து, அதற்கு ஏதோ எலும்பு இருப்பதுபோலப் பொறுமையாகத் தின்பார். பொன்னேரியில் ஒரு குறிப்பிட்ட பேக்கரி பன். வேறு பன் தொடமாட்டார்.

முதல் பயணத்தில் ஆறு இடத்தில் நின்றோம். ஆறாவது இடத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் அவரே மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். "இன்னுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

ஓடும்போது பெட்டி சில சமயம் பின்னால் வாலை ஆட்டும். அப்போது நமக்கு பிரேக்கை மிதிக்கத்தான் கால் துடிக்கும். அண்ணன் மிதிக்க மாட்டார். ஸ்டியரிங்கையும் திருப்ப மாட்டார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிடுவார். பெட்டி நாலு ஆட்டம் ஆடி, தானே அலுத்து, நேராகும். "ஆடும்போது அதட்டக் கூடாதும்மா. அதட்டுனா ஜாஸ்தி ஆடும். கால எடுத்துடு, அதுவா அடங்கும்" என்பார்.

இதை அவர் வண்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் நானும் என் வீட்டுக்காரரும் முன் சீட்டில் உட்கார்ந்து பழைய நண்டுக் கதையைக் கிளறிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். என் குரல் ஏறியது, அவர் குரலும் ஏறியது. அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே, "அம்மா, கால எடுங்க" என்றார். எனக்கு அந்த நிமிஷமே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது கத்த ஆரம்பித்தால் இன்னொருவர் சொல்லும் வார்த்தை அதுதான். என் மாமியார்கூட டிவியைப் பார்த்துச் சொல்லுவார்.

வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது எங்கள் வேலையாக இருந்தது. ஒரு தடவை கழுத்தில் பெரிய கேமரா மாட்டிய ஒருவர் வந்தார். பொழுது விடிகிற நேரத்தில் சுண்ணாம்புக்குளம் பக்கம் இருந்தே தீர வேண்டும், அந்த வெளிச்சம் போனால் எல்லாம் போச்சு என்றார். அண்ணன் பாதி வழியில் நிறுத்திவிட்டார். அந்த ஆள் குதித்த குதியில் ஜீப் ஆடியது. அண்ணன் அவரிடம் பாதிப் பன்னைப் பிய்த்து நீட்டினார். அவர் அதைத் தட்டிவிட்டார். அண்ணன் கீழே விழுந்ததை எடுத்துத் தட்டி நண்டுக்குப் போட்டுவிட்டு, மீதிப் பாதியைத் தின்றார். கோபம் வரவில்லையா என்று பிறகு கேட்டேன். "அவரு காத்து இல்லம்மா, தள்ளிடமாட்டாரு" என்றார்.

இப்படி நிற்கிற மனிதர் பின்னால் ஏதோ ஒரு பெரிய விபத்து இருக்க வேண்டும் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. படகோடு டிராக்டரைக் கவிழ்த்துவிட்டார் என்றார் ஒருவர். கூட வந்த தம்பி செத்துப்போய்விட்டான் என்றார் இன்னொருவர். எனக்கும் ஆர்வம் தாங்கவில்லை. ஒருநாள் அவர் நிறுத்தியிருந்தபோது இறங்கிப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்களுக்கு முன்னால ஏதானா ஆயிருக்காண்ணா?" என்று இழுத்தேன்.

"எல்லாரும் இதாம்மா கேக்கறாங்கோ. ஒண்ணுமே ஆவல."

"தம்பி?"

"தம்பி திருவொத்தியூர்ல கீறான். நல்லா கீறான். நின்னுகினே இருந்தேன், அதால ஒண்ணும் ஆவல. ஆயிருந்தா கத சொல்லலாம்."

கொஞ்சம் வருத்தப்படுகிற மாதிரியே சொன்னார். எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இனி என் தங்கை கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் நான் அவருக்குச் செய்தது தெரியும்.

என் அம்மா வீடு சுண்ணாம்புக்குளம். தங்கைக்கு லைட்ஹவுஸ் குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். நல்ல பிள்ளை. வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் முடிந்த பதினோராம் நாள் கிளம்ப வேண்டும், மூன்று வருஷ ஒப்பந்தம். தையில் கிடைத்தது ஒரே ஒரு முகூர்த்தம், ஒன்பதிலிருந்து பத்தரை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நேரம் காலத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. "நேரம் தப்பிச்சின்னா தாலி கெடையாது. புள்ள போய்ட்டு வரட்டும், மூணு வருசம் கழிச்சி வெச்சிக்கலாம்" என்று நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் என் தங்கைக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

கோயிலுக்குப் பக்கத்தில் மணப்பெண் தயாராக இடமில்லை. என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெட்டி வீட்டைக் கொண்டுவந்து கோயில் வாசலில் நிறுத்திவிடுகிறேன் என்றார். ஆளுயரக் கண்ணாடி, மின்விசிறி, கக்கூஸ், எல்லாம் உண்டு. அதோடு சீர்ச் சாமான்களையும் அதிலேயே ஏற்றிவிடலாம் என்று முடிவானது. என் வாயும் சும்மா இருக்கவில்லை, ரொம்ப நல்ல யோசனை என்று சொல்லித் தொலைத்தேன்.

சாமான் ஏற்றியது எங்கள் தாய்மாமன். நாற்பது வருஷமாகப் படகு ஓட்டுகிறவர். படகில் எஞ்சின், ஐஸ் பெட்டி என்று கனமானதெல்லாம் பின்னால்தான் இருக்கும். அணியம், அதாவது முன்மூக்கு, தூக்கலாக இருந்தால்தான் அலை ஏறும். அந்தக் கணக்கில் மாமா இரும்பு பீரோ, கிரைண்டர், அண்டா, குத்துவிளக்கு எல்லாவற்றையும் பெட்டியின் கடைசி மூலையில் அடுக்கியிருந்தார். விடிகாலையில் அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"மாமா, பாரம் முன்னால வரணும். பின்னால போட்டா வால் ஆட்டும்."

"இன்னா பேசற நீ? மூக்கு தூக்கலா இருந்தாத்தான் ஓடும். நான் பாக்காத பாரமா?"

"படகு தன் காலால ஓடுது மாமா. இது அடுத்தவன் கையப் புடிச்சிகினு ஓடுது. பின்னால இழுத்தா கைய வுட்டுடும்."

ஒரு வழியாக நாலு பேர் சேர்ந்து எல்லாவற்றையும் முன்னால் தள்ளினார்கள். அண்ணன் நட்டு பார்த்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் வருவதற்குள் நாங்கள் கிளம்பத் தயாராக நின்றோம். உறவுக்காரர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். ஜீப்பில் அண்ணன், என் வீட்டுக்காரர், நான், தங்கை, மாமா. பின்னாலேயே பைக்கில் வீடியோக்காரர். பெட்டிக்குள் யாரும் ஏறக்கூடாது என்பது அண்ணனின் சட்டம், மணப்பெண்ணுக்கும் அதுதான்.

வழியில் வாடை பிடித்துக்கொண்டது. சிவப்புத் துண்டு படபடத்தது. பெட்டி இரண்டு தரம் வாலை ஆட்டியது. அண்ணன் காலை எடுத்து எடுத்து ஓட்டினார். எனக்குக் கைக்கடிகாரத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பழவேற்காட்டுப் பாலத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டேமுக்கால். பாலத்தைத் தாண்டினால் குப்பம். துண்டு விறைத்து நின்றது. அண்ணன் ஓரம் கட்டினார்.

இறங்கிப் போய்ப் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். திரும்பி வந்து மாமாவைப் பார்த்தார். மாமா ஏரியைப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

"பொட்டி பாலம் ஏறாதும்மா. மேல காத்து பக்கவாட்ல அடிக்குது" என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கெஞ்சினேன். அதே நேரத்தில் ஒரு மீன் லாரி எங்களைத் தாண்டிப் பாலம் ஏறிப் போனது. பின்னாலேயே ஒரு ஷேர் ஆட்டோவும் போனது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியாது. "ஆட்டோ போவுது, உங்களால போவ முடியலையா? இப்படி பயந்தாங்கொள்ளியா இருந்தா எதுக்கு டிரைவர் வேலைக்கு வந்தீங்க?" என்று நடு ரோட்டில், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் பார்க்கக் கத்தினேன். தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் முகம் மாறவில்லை.

"பாப்பா இங்கயே பொடவ கட்டிக்கட்டும். ரூமுதான இது? நான் பொட்டிய கழட்டி வுட்டுடறேன். சார் வெறும் ஜீப்பை ஓட்டிகினு போவட்டும். அஞ்சி நிமிசத்துல கோயிலு."

வேறு வழி இல்லை. நானும் தங்கையும் பெட்டிக்குள் ஏறினோம். கதவு காற்று மறைவுப் பக்கம் இருந்தது. வெளியே கொக்கி கழற்றும் சத்தம் கேட்டது, யாரோ ஏதோ சொன்னார்கள், ஜீப் முன்னால் நகர்ந்தது. நான் தங்கைக்குக் கூறைப்புடவையை மடித்துச் செருகினேன். பின்னால் இருந்த பீரோவில் சாய்ந்து நின்றுதான் மடிப்பு எடுத்தேன். பீரோ ஏன் பின்னால் இருக்கிறது என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. இன்னொன்று மட்டும் நன்றாக எட்டியது. பெட்டி அசையவே இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டுகூட ஆடாமல் இருந்தது. எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ஜன்னலைத் தள்ளித் திறந்து வெளியே கத்தினேன்.

"வண்டி ஒரு ஆட்டம்கூட ஆடல. இதுக்கா நிறுத்துனீங்க?"

பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஆமாம்மா. ஆடல."

இருபது நிமிஷத்தில் தங்கையைக் கையைப் பிடித்து இறக்கினேன். பெட்டியின் முன்னால், அந்த இரும்பு ஏர்க்காலில், மாமா காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். தங்கை கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமன். "மாமா, கல்யாணத்துக்கு வந்தீங்களா, காத்து வாங்க வந்தீங்களா?" என்று அவருக்கும் ஒன்று கொடுத்தேன். "நீ போம்மா, நான் பின்னால வரேன்" என்றார். எழுந்திருக்கக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

பத்து மணிக்குத் தாலி கட்டியாயிற்று. மாமா கடைசி நேரத்தில் யாரோ ஒருவரின் பைக்கில் வேர்க்க விறுவிறுக்க வந்து மாலையை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் பொண்ணு ரோட்டோரத்தில் புடவை கட்டிக்கொண்டு வந்தது என்ற பேச்சு பந்தி முழுக்க ஓடியது. மாப்பிள்ளையின் அம்மா என்னிடமே கேட்டுச் சிரித்தார். நான் சாம்பாரும் பாயசமும் பரிமாறிக்கொண்டே மனசுக்குள் அண்ணனைத் திட்டித் தீர்த்தேன்.

ஜீப் அவரிடம் திரும்பிப் போகவில்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரருக்கு மூன்று மணிக்கு மேல்தான் நினைவு வந்தது, உடனே ஜீப்பை அனுப்பினார். இலையெல்லாம் எடுத்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெட்டி வீடு மெல்ல ஊர்ந்து கோயில் வாசலுக்கு வந்தது. அண்ணன் இறங்கினார்.

"கல்யாணமே முடிஞ்சிபோச்சி. இப்ப எதுக்கு கொண்டாந்தீங்க?" என்றேன்.

"சொன்ன எடத்துல உடணும் இல்லம்மா?"

சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். கேட்க மனம் வரவில்லை. இனி நீங்கள் வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றார். சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். கண்ணாடிக் கம்பியிலிருந்து சிவப்புத் துண்டை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தார்.

கல்யாண வீடியோ வழக்கம்போல ஊரெல்லாம் மறந்த பிறகு, ஆவணியில் வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். தங்கை, அம்மா, மாமா எல்லோரும் இருந்தார்கள். வீடியோக்காரர் பாலத்தடியில் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. ரோட்டையும் ஏரியையும் எடுத்துவிட்டுக் கேமராவைப் பெட்டியின் அந்தப் பக்கம், காற்றடிக்கும் பக்கம், திருப்பியிருந்தார்.

பெட்டியின் கூரைக் கம்பியில் படகுக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனையை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலை மண்ணில் ஊன்றி, கிட்டத்தட்ட படுத்த வாக்கில் அண்ணன் இழுத்துப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்டோக்காரர்கள் அதே கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அவர்கள் சட்டையெல்லாம் காற்றில் உப்பியிருந்தது. ஏர்க்கால் மேல் மாமா. அந்த நேரத்தில் படத்துக்கு வெளியிலிருந்து என் குரல். "வண்டி ஒரு ஆட்டம்கூட ஆடல. இதுக்கா நிறுத்துனீங்க?" அண்ணன் தலையைத் தூக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆமாம்மா. ஆடல."

மாமா தொண்டையைச் செருமினார்.

"பீரோவ நான்தான் திருப்பி பின்னால வெச்சேன்" என்றார். "அவரு டீ குடிக்கப் போனப்போ. வீட்டு டிரைவருக்கு பாரம் பத்தி இன்னா தெரியும்னு வெச்சிட்டேன். கொக்கி கழட்டனதும் மூக்கு தூக்கிகிச்சி. என்னிய அதும்மேல குந்தச் சொன்னாரு. நான் எழுந்தா பொட்டி பின்னால சாயும், உள்ள நீங்க ரெண்டு பேரு. எப்படி எழுந்துக்கறது?"

"ஏன் மாமா அன்னிக்கே சொல்லல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். வாணாம்னுட்டாரு. எறக்கி ஏத்தறதுக்குள்ள நேரம் போயிடும், அப்பால பொண்ணு கல்யாணத்த கெடுத்தது மாமான்னு ஆயிடும். காத்து மேல போட்டுடலாம் மாமா, அது கோவிச்சிக்காதுன்னாரு. நீங்க கிளம்புனதும், தாய்மாமன் இல்லாம இன்னா கல்யாணம்னு என்னிய எழுப்பி உட்டுட்டு அவரே அதும்மேல குந்திகினாரு. ஜீப்பு வந்தாதான் எழுந்துக்க முடியும்."

காலை ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை. நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த மனிதர் வாடையில் இரும்பின் மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

விசாரித்தபோது காட்டூர் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறார், வைக்கோல் பாரம் இழுக்கிறார் என்றார்கள். மறுநாள் காலையில் எழுந்து சாம்பார் வைத்தேன். உருளைக்கிழங்கு வறுத்தேன். வடை தட்டினேன், பாயசம் காய்ச்சினேன். எல்லாவற்றையும் தூக்குகளில் ஊற்றி, ஒரு தலைவாழை இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். மன்னிப்பு கேட்க என்னென்னவோ வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டே போனேன்.

அவரைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. கடைத்தெருக்காரர்கள் சொன்ன மாதிரி ரோட்டோரமாகப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டுயரத்துக்கு வைக்கோல் ஏற்றிய டிராக்டர், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். நிழலில் காக்கிச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை. கையில் பன். டிராக்டரின் கண்ணாடிக் கம்பியில் என் சுங்குடிப் புடவைக் கரை, வெளுத்துப்போய், தொங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா" என்று எழுந்தார். "பாப்பா நல்லா கீதா?"

"நல்லா கீதுண்ணா." தூக்குகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னாம்மா இது?"

"கல்யாண சாப்பாடுண்ணா."

அவர் தூக்குகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கல்யாணம் தையிலதானம்மா ஆச்சி?"

"ஆமாண்ணா. அன்னிக்கே எடுத்துகினுதான் கிளம்புனேன்." ஒரு தூக்கின் மூடியைத் திறந்தேன். "வழியெல்லாம் ஒரே காத்து. நிறுத்தி நிறுத்தி வந்தேன்."

அண்ணன் திரும்பி அந்தச் சிவப்புத் துண்டைப் பார்த்தார். ஒரு நூல்கூட அசையவில்லை. வைக்கோலில் ஒரு தாள்கூட அசையவில்லை. ஆவணி வெயிலில் ரோடு முழுக்கப் புழுங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா. காத்துதான்" என்றார். பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, இலையை விரித்து, பறந்துவிடாமல் இருக்க அதன் நாலு மூலையிலும் கல் வைத்தார்.